வீட்டுக்குள்ளிருந்து வந்த படங்கள்

திருவனந்தபுரத்துக்குப் போனவர்கள் மியூசியம் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். மிருகக்காட்சி சாலை அங்கேதான் இருக்கிறது. குழந்தைகளுக்குப் புலியையும் நீர்யானையையும் காட்டிவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு பலர் திரும்பி விடுவார்கள். அதே தோட்டத்துக்குள் ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம் இருக்கிறது. 1935-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் திறந்தது. ராஜா ரவிவர்மா வரைந்த படங்களைக் காண மக்கள் பல காலமாக அங்கே போய் வந்தார்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கூடத்தின் கதவு மூடியது. மழைக்கும் வெயிலுக்கும் மூடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிக்காக மூடினார்கள்.

கொரோனா வந்த கதை

இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார். 2020 ஜனவரி 30-ஆம் தேதி. சீனாவின் வூகான் நகரில் படித்துவிட்டுத் திருச்சூருக்குத் திரும்பி வந்த ஒரு மாணவி அவர். நல்ல வேளையாகக் குணம் அடைந்தார். ஆனால் நோய் நிற்கவில்லை. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. கேரளத்தில் அதற்கு முன்பே தொடங்கி விட்டது.

பேருந்து இல்லை. கடை இல்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் அடைப்பு. ஜூலை 6-ஆம் தேதி திருவனந்தபுரம் நகரத்துக்கு மூன்றடுக்கு ஊரடங்கு போட்டார்கள். பூந்துறைக் கடற்கரையில் மீனவர் குடும்பங்கள் பட்ட பாடு பெரிய பாடு. மீன் பிடிக்கப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் நோய். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக் கொண்டார்கள்.

கூலிக்காரருக்கு வேலை போனது எல்லோருக்கும் தெரிந்தது. ஓவியருக்கு வேலை போனது பலருக்குத் தெரியவில்லை. "படம் வரைகிறவருக்கு என்ன கஷ்டம்? அவர்தான் வீட்டிலேயே இருந்து வரையலாமே" என்று சொன்னவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். வரையலாம். வரைந்ததை யார் வாங்குவது?

கேரளத்தில் கோயில் திருவிழாக்கள் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மே வரை. அந்த மாதங்களில்தான் களம் எழுதுகிறவர்களுக்கும், தெய்யத்துக்கு முகம் எழுதுகிறவர்களுக்கும், பந்தல் அலங்காரம் செய்கிறவர்களுக்கும் வருமானம். ஆறு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும். 2020-இல் திருச்சூர்ப் பூரமே ஆளில்லாமல் சடங்காக மட்டும் நடந்தது. மற்றத் திருவிழாக்களைக் கேட்க வேண்டுமா? பெயர்ப் பலகை எழுதுகிறவருக்குக் கடை திறந்தால்தான் வேலை. கண்காட்சியில் விற்கிறவருக்குக் கூடம் திறந்தால்தான் வேலை. இரண்டும் இல்லை. அரசு தந்த 17 வகைப் பொருள் அடங்கிய இலவசப் பை அப்போது எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியது. அந்தப் பையில் அரிசி வந்திருந்தாலும் வண்ணக் குப்பி வரவில்லை.

கையில் கிடைத்ததே வண்ணம்

கடை மூடியிருக்கும்போது துணிச்சட்டமும் எண்ணெய் வண்ணமும் எங்கே கிடைக்கும்? பல ஓவியர்கள் கையில் இருந்ததைக் கொண்டு வரைந்தார்கள். பழைய காகிதத்தின் பின்பக்கம், அட்டைப்பெட்டி, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், பென்சில். பெரிய படம் வரைந்தவர்கள் சின்னப் படம் வரைந்தார்கள். வரைந்ததைக் கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள். "இன்று இதை வரைந்தேன், பாருங்கள்" என்று ஒருவர் அனுப்புவார். மறுநாள் இன்னொருவர் அனுப்புவார். இப்படியே உள்ளங்கைக்குள் ஒரு கண்காட்சி நடந்தது.

இதில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. கண்காட்சிக் கூடத்துக்குள் நுழையக் கூச்சப்பட்டவர்கள்கூட வீட்டிலிருந்தே படம் பார்த்தார்கள். நுழைவுச் சீட்டு இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆளுயரப் படம் கைப்பேசியில் தீப்பெட்டி அளவுதான் தெரியும். வண்ணமும் மாறும். வரைந்தவர் பெயரை வெட்டி விட்டுப் படத்தை மட்டும் அனுப்புகிறவர்களும் இருந்தார்கள். இது சரியல்ல. ஒருவர் தோட்டத்துக் காயைப் பறித்து நம்முடையது என்று விற்பது போலத்தான் இது. பாராட்டு மட்டும் ஏராளமாக வந்தது. பாராட்டைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் கொடுக்க முடியாதே.

உலகம் முழுவதும் இதே நிலைதான். டேவிட் ஹாக்னி என்பவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியர். 2020 மார்ச்சில் அவருக்கு வயது 82. பிரான்சு நாட்டின் நார்மண்டியில் ஒரு பண்ணை வீட்டில் இருந்தார். அங்கே அது வசந்த காலம் பிறக்கும் நேரம். தோட்டத்தில் மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன. ஐபேட் என்ற பலகைக் கணினியில் விரலாலும் எழுதுகோலாலும் அவற்றை வரைந்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று வெளியிட்டார். வசந்தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது என்ற பொருளில் அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தார். தொடர்ந்து வரைந்து கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு லண்டனில் கண்காட்சி வைத்தபோது 116 படங்கள் இருந்தன. எல்லாம் ஒரே தோட்டம், ஒரே வீடு, அதே மரங்கள்.

அவரிடம் பண்ணை வீடு இருந்தது, கணினி இருந்தது. அவை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

பாடிக் காட்டும் படம்

மேற்கு வங்காளத்தில் மேதினிப்பூர்ப் பக்கம் நயா என்று ஒரு கிராமம். அங்கே வாழும் பட்டுவா மக்களுக்குப் படம் வரைவதுதான் தொழில். அவர்கள் பெயரோடு சித்ரகர் என்ற சொல் சேர்ந்திருக்கும். ஓவியர் என்று பொருள். இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் ராமாயணக் கதையையும் அம்மன் கதையையும் வரைவார்கள், பாடுவார்கள். 

நீளமான தாளில் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக வரைவார்கள். கிழியாமல் இருக்கப் பின்னால் பழைய சேலைத் துணியை ஒட்டுவார்கள். பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்துக் கொள்வார்கள். ஊர் ஊராகப் போய், சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டிப் பாட்டுப் பாடுவார்கள். படிக்கத் தெரியாதவரும் கதையைப் பார்த்தே புரிந்து கொள்வார். வண்ணமும் கடையில் வாங்குவது அல்ல. மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறம். சங்குப் பூவிலிருந்து நீலம். அவரை இலையிலிருந்து பச்சை. விளக்குக் கரியிலிருந்து கறுப்பு. வண்ணம் ஒட்டிக்கொள்ள வில்வப் பழத்துப் பசை.

அந்த ஊரில் சொர்ணா சித்ரகர் என்ற பெண் ஓவியர் இருக்கிறார். 2020-இல் ஊரடங்கு வந்தபோது அவர் கொரோனாவைப் பற்றி ஒரு படச்சுருள் வரைந்தார். அதற்குப் பாட்டும் கட்டினார். நோய் எப்படிப் பரவுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று அதில் சொன்னார். ஊர் ஊராகப் போக முடியாதே! அவர் பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினார்கள். கால் நடந்து போகிற தூரத்தை விடப் பல மடங்கு தூரம் அந்தப் பாட்டு போனது. வங்காள மொழி தெரியாதவர்களும் பார்த்தார்கள்.

இது அவர்களுக்குப் புதிது அல்ல. 2004-இல் சுனாமி வந்தபோதும் அந்த ஊரார் சுருள் வரைந்தார்கள். எய்ட்ஸ் நோயைப் பற்றியும் வரைந்தார்கள்.

பீகாரில் மதுபனி ஓவியர்கள் துணி முகக்கவசத்தின் மேலேயே மீனும் பூவும் வரைந்து விற்றார்கள். வாய்க்கு மூடியும் ஆயிற்று, வருமானமும் ஆயிற்று. சென்னையில் கௌதம் என்ற ஓவியர் உடைந்த ஹெல்மெட் ஒன்றை எடுத்து, காகிதம் ஒட்டி, சிவப்பு முட்கள் வைத்துக் கொரோனாக் கிருமி போலவே செய்து போலீசாருக்குக் கொடுத்தார். போலீஸ்காரர் அதை மாட்டிக்கொண்டு சாலையில் நின்றார். வண்டியில் சுற்றியவர்கள் திகைத்து நின்றார்கள், சிலர் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகவும் செய்தார்கள்.

வாசலும் ஒரு படம்தான்

ஓவியர் என்று பெயர் வாங்காதவர்களும் வரைந்தார்கள். திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலைப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் பழக்கம் அங்கே உண்டு. ஊரடங்கு நாளில் கோலத்தைப் பார்க்கத் தெருவில் ஆள் இல்லை. இருந்தாலும் கோலம் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பெண்கள் கொரோனாக் கிருமியையே கோலமாகப் போட்டு, "விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு" என்று எழுதினார்கள். எழுதப் படிக்கக் கற்றதன் பயன் வாசலிலேயே தெரிந்தது.

ஓணம் வந்தது. மற்ற ஆண்டுகளில் திருவனந்தபுரத்துப் பூக்களத்துக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து வண்டி வண்டியாகப் பூ வரும். அந்த ஆண்டு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பூவைக் கொண்டே களம் போடுங்கள் என்று அரசு கேட்டுக் கொண்டது. தும்பை, செம்பருத்தி, வேலியோரத்து மஞ்சள் பூ என்று தேடிப் பறித்துப் போட்டார்கள். களம் சின்னதாயிற்று. தோவாளைப் பூ விவசாயியின் மடியும் காலியாயிற்று. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆற்றுக்கால் பொங்கல் தெரியும் அல்லவா? லட்சக்கணக்கான பெண்கள் நகரத்துத் தெருக்களில் செங்கல் அடுப்பு வைத்துப் பொங்கல் இடுவார்கள். 2021-இல் அவரவர் வீட்டு முற்றத்திலேயே பொங்கல் வைத்தார்கள்.

முன்பும் ஒரு நோய் வந்தது

படத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் ஆசை இன்று நேற்று வந்தது அல்ல. அந்த ஆசையோடு ஒரு கொள்ளை நோயும் மோதிய கதை திருவனந்தபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவருடையது. அவர்தான் ராஜா ரவிவர்மா.

அவர் 1848-இல் கிளிமானூரில் பிறந்தார். சின்ன வயதில் சுவர் கண்ட இடமெல்லாம் கரித்துண்டால் கிறுக்குவாராம். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே ராமசாமி நாயக்கர் என்று ஓர் அரண்மனை ஓவியர் இருந்தார். எண்ணெய் வண்ணம் கையாளத் தெரிந்தவர். அந்த வித்தையைச் சிறுவனுக்குச் சொல்லித் தர அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தொழில் ரகசியத்தைப் பூட்டி வைப்பவரும் உண்டு. திறந்து விடுபவரும் உண்டு. ஆறுமுகம் பிள்ளையின் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. அவர் இல்லாவிட்டால் ரவிவர்மா கற்றுக்கொள்ள இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

ரவிவர்மாவின் படங்கள் ராஜாக்களின் மாளிகையில் தொங்கின. ஆனால் அவற்றைப் பார்க்க ஏழைக்கு வழி இல்லை. படங்களை அச்சிட்டால் எல்லோரும் வாங்கலாமே என்று திவானாக இருந்த மாதவ ராவ் அவருக்கு யோசனை எழுதினார். 1894-இல் பம்பாய்க்குப் பக்கத்தில் காட்கோபரில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. இயந்திரமும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள்.

அது கல்லச்சு. கல்லில் எப்படி அச்சடிப்பது என்று கேட்கலாம். எண்ணெய் தேய்த்த கையில் தண்ணீர் ஒட்டாது அல்லவா? அதே முறைதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். கோடு இல்லாத இடம் மட்டும் தண்ணீரைப் பிடித்துக் கொள்ளும். மேலே மையை உருட்டினால், மையும் எண்ணெய் கலந்தது என்பதால், கோட்டின் மேல் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். எத்தனை நிறமோ அத்தனை கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் போய் வர வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும்.

இப்படி வந்த லட்சுமியும் சரஸ்வதியும் குடிசைச் சுவருக்கும் வந்தார்கள். கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டவர் வீட்டிலும் சாமி படம் மாட்ட முடிந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் வந்தது. எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவும் நோய் அது. ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். பிழைத்தவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். வேலையாட்கள் இல்லாமல் அச்சகம் எப்படி ஓடும்? 1899-இல் அச்சகத்தை லோனாவாலா அருகே மளவலி என்ற ஊருக்கு மாற்றினார்கள். கடனும் ஏறியது. சில ஆண்டுகளில் அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார்கள். படங்கள் தொடர்ந்து அச்சாகி நாடெங்கும் போயின. லாபம் மட்டும் ரவிவர்மாவுக்கு வரவில்லை. அவர் 1906-இல் காலமானார்.

1918-இல் உலகம் முழுவதும் ஒரு காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நார்வே நாட்டு ஓவியர் மூங்க், படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் தன் உருவத்தையே 1919-இல் வரைந்தார். வெளிறிய முகம், திறந்த வாய். நோயாளி எப்படி இருப்பார் என்பதை அதைவிடச் சொல்ல முடியாது. அவர் பிழைத்துக் கொண்டார்.

ஆலப்புழையில் 267 பேர்

கொச்சியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி 2020 டிசம்பரில் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. தள்ளித் தள்ளி 2022 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் அதை நடத்துகிறவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மலையாள மண்ணில் வேர் உள்ள ஓவியர்களை எல்லாம் அழைத்து, வீட்டில் அடைந்து கிடந்த காலத்தில் செய்ததையும் மற்றதையும் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஓவியர் போஸ் கிருஷ்ணமாச்சாரி படங்களைத் தேர்ந்தெடுத்தார். 267 பேர் சேர்ந்தார்கள். "லோகமே தறவாடு" என்று பெயர். உலகமே ஒரு வீடு என்று பொருள். வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் இந்தப் பெயரை வைத்தது பொருத்தம்தான்.

இடம் ஆலப்புழை. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர். ஒரு காலத்தில் கயிறு வணிகத்தில் செழித்த துறைமுக ஊர். பழைய கயிற்றுத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் சும்மா கிடந்தன. அவற்றைப் பெருக்கிச் சுத்தம் செய்து, சுவருக்கு வெள்ளையடித்துப் படங்களை மாட்டினார்கள். எறணாகுளத்திலும் ஒரு பகுதி வைத்தார்கள்.

2021 ஏப்ரல் 18-ஆம் தேதி திறந்தார்கள். அப்போதுதான் நோயின் இரண்டாம் அலை எழுந்தது. முதல் அலையை விட அது கொடியது. பிராணவாயு கிடைக்காமல் வடநாட்டில் மக்கள் தெருவில் தவித்த மாதங்கள் அவை. மே 8 முதல் கேரளத்தில் மறுபடியும் ஊரடங்கு. கண்காட்சியையும் மூட வேண்டியதாயிற்று. இருட்டுக் கிடங்கில், யாரும் பார்க்காமல், மழைக்காலத்து ஈரத்தில் படங்கள் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தன. ஆகஸ்ட்டில் திரும்பத் திறந்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, இடைவெளி விட்டு மக்கள் வந்து பார்த்தார்கள்.

வராத படங்கள்

அதே இரண்டாம் அலையில் தமிழ்நாடு ஓர் ஓவியரை இழந்தது. அவர் பெயர் இளையராஜா. பாட்டுக்கு இசையமைக்கும் இளையராஜா அல்ல, ஓவியர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். ஆனந்த விகடன் பத்திரிகையில் அவர் படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள்.

அவர் வரைந்தது நம் வீட்டுப் பெண்களை. அடுப்படியில் நிற்கும் பெண், வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் பெண், தாவணி போட்ட சிறுமி. மாநிறம், கறுப்பு நிறம் எல்லாம் உள்ளபடியே இருக்கும். ஓட்டுச் சந்து வழியே விழும் வெயில் அவர் படத்தில் விழுந்தால், தொட்டால் சுடும் போல இருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள், "இது போட்டோதானே?" என்று கேட்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். விளம்பரங்களில் வெள்ளைத் தோலையே அழகு என்று காட்டிய காலத்தில் அவர் கறுத்த முகத்தைப் பொறுமையாக உட்கார்ந்து வரைந்தார். ஒரு படத்துக்குப் பல நாட்கள் பிடிக்கும்.

2021 ஜூன் மாதம் கொரோனாவால் அவர் சென்னையில் இறந்தார். நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். செய்தி வந்த நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கைப்பேசியில் அவர் வரைந்த ஒவ்வொரு படமாக எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டே இருந்தார்கள். ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் அனுப்பினார்கள். "இது எங்கள் அக்கா மாதிரி", "இது எங்கள் ஊர்த் திண்ணை" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

கலந்து பேசுங்கள்

1. ஊரடங்கு நாட்களில் உங்கள் தெருவில் யாருடைய வேலை முதலில் நின்றது? யாருடைய வேலை கடைசியில் திரும்பி வந்தது?

2. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் படங்களைப் பாருங்கள். வரைந்தவர் பெயரோ அச்சிட்ட ஊரோ கீழே இருக்கிறதா? எழுத்துக் கூட்டிப் படித்து எழுதுங்கள்.

3. ராமசாமி நாயக்கர், ஆறுமுகம் பிள்ளை இருவரில் யார் செய்தது சரி? உங்களுக்குத் தெரிந்த தொழிலில் இப்படி நடந்திருக்கிறதா?

4. சங்குப் பூ, மஞ்சள், விளக்குக் கரி இவற்றில் கிடைத்ததை எடுத்து உங்கள் வீட்டு வாசலை ஒரு தாளில் வரையுங்கள். கீழே உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.